படம் எடுத்தவர் கதை போதும், படத்தில் இருப்பவர் எங்கே?

புகைப்படக்காரர்களைப் பற்றி வருகிற டாகுமெண்டரிகள் மேல் எனக்கு ஒரு தீராத கடுப்பு. நல்லாத்தான் எடுக்கிறாங்க, மறுக்கலை. ஆனா எல்லாத்துலயும் ஹீரோ ஒருத்தர்தான்: கேமராவைத் தூக்கிக்கிட்டு அலைகிறவர்.

2001-ல் கிறிஸ்டியன் ஃப்ரை எடுத்த 'வார் ஃபோட்டோகிராஃபர்' பாருங்க. ஜேம்ஸ் நாக்ட்வேயின் கேமராவிலேயே குட்டி வீடியோ கேமராவைப் பொருத்தி, அவர் விரல் பட்டனை அமுக்குவதைக் காட்டுகிறார்கள். அபாரம்! அந்த விரலுக்குக் கிடைத்த மரியாதை எதிரே அழுதுகொண்டு நிற்பவருக்கும் கிடைக்க வேண்டாமா? 2014-ல் வந்த 'தி சால்ட் ஆஃப் தி எர்த்' சல்காடோவைப் பற்றியது. இயக்கியது விம் வெண்டர்ஸும் சல்காடோவின் மகனும். ஆரம்பமே பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கம்தான். மண்மூட்டை சுமந்து ஏறுகிற ஆயிரக்கணக்கான ஆட்கள். கதை சொல்வதோ சல்காடோ. சுமந்தவரில் ஒருத்தரை உட்காரவைத்துப் பேசவிட்டால் என்னவாம்?

விளாத்திகுளத்துக்காரனுக்கு இந்த வம்பு எதுக்குன்னு கேட்பீங்க. எங்க ஊர்ப்பக்கம் கரிமூட்டம் உண்டு. சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூடி, தீ வச்சு நாள்கணக்கில் வேக விடுவாங்க. புகை, கரி அப்பிய முகம், வெள்ளைப் பல். கேமராக்காரருக்கு அல்வா மாதிரி! ஆனா மரம் யாருது, அட்வான்ஸ் எவ்வளவு, மூட்டைக்கு விலை யார் வைக்கிறது? இதெல்லாம் புகையில தெரியாதுய்யா. கேட்டாத்தான் தெரியும். மூட்டம் போடுற அண்ணாச்சி ஒருத்தர் சொன்னார்: "எத்தனையோ பேரு எடுத்துட்டுப் போனாவ தம்பி. ஒரு போட்டாவ நான் கண்ணால பாக்கல."

வேற மாதிரியும் செய்யலாம். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) படத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் தாங்களே பேசினாங்க. அதுக்கு ஒளிப்பதிவு செஞ்ச மதுரைப் பக்கத்துப் பழனிக்குமார், மீன் விற்கிற தன் அம்மாவையே படமெடுத்து எழுதினவர். பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லிக்கொடுக்கிறார். அவரைப் பற்றி நாளைக்கு யாராவது படம் எடுத்தால் அவர் லென்ஸ் கலெக்‌ஷனைக் காட்டிட்டு ஓடிடாதீங்க. அவர் எடுத்தவங்க கையில் அந்தப் படங்களைக் கொடுத்து, அவங்க பார்க்கிற நேரத்தைப் படமாக்குங்க. திட்டினாங்கன்னா திட்டையும் வைங்க.

எங்க அண்ணாச்சிக்கும் ஒரு பிரிண்ட் வேணும். கோவில்பட்டி ஸ்டுடியோவில் போட என்ன பெரிய காசா ஆகிடும்?