பெயர் அறிந்தவர்களின் கடல்

கீழக்கரைக் கடற்கரையில் நின்று தெற்கே நோக்கினால், வானம் தெளிந்த நாட்களில், நீருக்கு மேல் மெல்லிய பச்சைக் கோடாகத் தீவுகள் தெரியும். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை பரவியுள்ள 21 தீவுகளில் ஏழு, கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்தவை. அவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து, சுமார் 560 சதுர கிலோமீட்டர் பரப்பை 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அரசு அறிவித்தது. 1989இல் இவ்வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று.

பூங்கா தேவையா என்று கேட்பவர்களுக்குப் பூவரசன்பட்டித் தீவே விடை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பவளப்பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தோம். அலையைத் தடுக்கும் அரண் போனதும் அத்தீவு நீருக்குள் போயிற்று. தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லிக்கும் அதே கதிதான். எஞ்சிய பவளங்களும் கடல் சூடேறிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறின. ஆகவே காவலை நான் குறை கூறவில்லை. என் மனக்குறை வேறு.

ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன்வலசையில், அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறிப் பவளங்களைப் பார்த்து வரலாம் என்ற ஏற்பாடு வந்தபோது மகிழ்ந்தேன். மூழ்கத் தெரியாத என் போன்றோருக்கு அது பெரும் கொடை. ஆனால் இதே தீவுகளை ஒட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுத்து வாழ்ந்த பெண்களுக்குப் பூங்காவின் எல்லை தடையாகிவிட்டது. காண வருபவனுக்குத் திறக்கும் கடல், அறிந்தவளுக்கு அடைபடுகிறது.

வகுப்பில் ஒருமுறை காற்றின் பெயர்களைக் கேட்டேன். நிகண்டை நினைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. கடலோரத்து மாணவர் ஒருவர் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று அடுக்கியதோடு, எந்தக் காற்றில் எந்தப் பாரில் நீர் தெளியும் என்றும் சொன்னார். 'பார்' என்றால் கடலடிப் பாறைத்திட்டு. ஆனைப்பார் என்ற தீவின் பெயரிலேயே அச்சொல் இருக்கிறது. கடற்பசுவை இக்கரையில் ஆவுளியா என்பர். இச்சொற்களை அவர் எந்த நூலிலும் படித்ததில்லை; வீட்டில் கேட்டவை.

பாசி எடுக்கும் உரிமை எவ்வளவு, எந்த மாதங்களில் என்பதை அறிவியலாளரும் ஊராரும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்யட்டும். அதற்குக் காலம் பிடிக்கும். ஆனால் படகில் வழிகாட்டியாக அப்பெண்களுள் ஒருவரை ஊதியத்தோடு அமர்த்த எது தடை? மீனின் விலங்கியல் பெயரை அறிவிப்புப் பலகை சொல்லும். அது எந்தக் காற்றில் கரைக்கு வரும் என்பதை அவர் சொல்வார்.

ஒரு தீவு மூழ்கினால் வரைபடத்தில் அதன் பெயராவது எஞ்சுகிறது. கடலை அறிந்தவர்கள் கடலை விட்டு விலகினால், அவர்களோடு போகும் சொற்களுக்கு வரைபடமும் கிடையாது.