குட்டைத் தண்ணீர் பச்சையானால்...

“எங்கள் பண்ணைக்குட்டைத் தண்ணீர் சித்திரையிலிருந்து பச்சைப் பெயிண்ட் கரைத்ததுபோல் இருக்கிறது. மாடுகள் குடிக்கலாமா? மயில்துத்தம் போட்டால் சரியாகுமா?”
– வாசகர், வத்தல்மலை, தருமபுரி மாவட்டம்.

மாடுகளை இன்றே அந்தக் குட்டைப் பக்கம் விடாமல் நிறுத்துங்கள். ஒரு குச்சியை விட்டுத் தூக்கிப் பாருங்கள். நூல்நூலாகச் சுற்றிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. நூல் எதுவும் வராமல் நிறம் மட்டும் ஒட்டினால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகப்பட வேண்டும். நெல் வயலில் தழைச்சத்து சேர்ப்பதும் நீலப்பச்சைப் பாசிதான். ஆனால், அந்தக் குடும்பத்தில் கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நஞ்சு சுரக்கும் வகைகளும் உண்டு. காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது.

இந்தப் பாசியின் உடலில் நுண்ணிய காற்றறைகள் உள்ளன. தண்ணீர் அசையாமல் மேலே சூடாகவும் அடியில் குளிர்ந்தும் நிற்கும்போது, இது மிதந்து வெயிலைப் பிடித்துக்கொள்ளும்; மற்ற பாசிகள் அடியில் தங்கிவிடும். ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் 1991-இல் வறட்சியால் ஓட்டம் குறைந்ததும், சுமார் 1,000 கிலோமீட்டருக்கு இது படர்ந்து கால்நடைகள் செத்தன. நமக்குப் பக்கத்திலேயே, மேட்டூர் அணையின் தேங்குநீர்ப் பகுதிகளில் பச்சைப் படலமும் நாற்றமும் கிளம்பி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்திருக்கிறார்கள்.

அப்படியானால் மோட்டார் வைத்துக் கலக்கலாமா என்பீர்கள். ஆழமான ஏரியில் அது பலிக்கும். பாசி வெளிச்சமில்லாத ஆழத்துக்கு இழுக்கப்படும். ஆறேழு அடிக் குட்டையில் அந்த இருட்டு ஏது? அடிச்சேறுதான் கிளம்பி, பாசிக்கு மணிச்சத்தைப் பரிமாறும். உங்களுக்கு உதவுவது, பழைய நீர் வெளியேறிப் புதுநீர் வருவதுதான். இருக்கும் தண்ணீரை சில்வர் ஓக் போன்ற நிழல்மரங்களின் வேரடியில் பாய்ச்சித் தீருங்கள். கீரை, காய்கறிக்கு வேண்டாம். தெளிப்பானில் விடவே கூடாது. பிறர் குடிக்கும் ஓடையிலும் திறந்துவிடாதீர்கள். மழைக்கு முன் வண்டலை வாருங்கள். தொழுவம் கழுவிய நீரும் எருக்குழிக் கசிவும் குட்டைக்குள் வராமல் வாய்க்காலைத் திருப்புங்கள்.

மயில்துத்தம் வேண்டாம். பாசி செத்து வெடிக்கும்போது உள்ளிருக்கும் நஞ்சு மொத்தமும் தண்ணீரில் இறங்கும். செம்மறி ஆடு இருந்தால், தாமிரமே அதற்கு ஆகாது.

ஏற்கெனவே குடித்த மாடு தள்ளாடினாலோ, கழிந்தாலோ, தீவனம் எடுக்காவிட்டாலோ காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடமாடும் மருத்துவ ஊர்திக்கு 1962.