மென்மைக்கும் காரணம் வேண்டும்

டிஜிட்டல் ஓவியத்தில் மென்விளிம்பு, அதாவது ஓர் உருவம் தன்னை அடுத்த நிறத்தோடு கோடு தெரியாமல் கலந்துவிடும் எல்லை, இன்று பெரிய உழைப்பில்லாமல் கிடைத்துவிடுகிறது. தூரிகையின் கடினத்தன்மையைப் பூச்சியத்துக்குக் குறைத்துவிட்டால் எந்த ஓரத்தையும் ஓரிரு வீச்சில் கரைத்துவிடலாம். லியோனார்டோ டா வின்சி, ஸ்ஃபுமாட்டோ எனப்படும் புகைமூட்ட முறையில் மோனா லிசாவின் முகத்தில் இதே விளைவைப் பெறுவதற்கு, சில மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ள, ஒளி ஊடுருவும் பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டிருக்கிறார் என்பதை 2010இல் வெளியான எக்ஸ் கதிர் ஆய்வு காட்டியது. பூச்சு காயும்வரை காத்திருக்க வேண்டிய ஓவியருக்கு, எந்த இடம் கரைய வேண்டும், எது கூர்மையாக நிற்க வேண்டும் என்று தீர யோசிக்க நேரம் இருந்தது. கருவி எளிதானதும் முதலில் கைவிடப்பட்டது அந்த யோசனைதான். படம் முழுவதும் மென்மை ஒரே அளவில் பரவி, உருவங்கள் எலும்பில்லாதவைபோல் தோன்றும் படைப்புகள் பெருகியிருப்பதற்கு இதுவே காரணம்.

இயற்கையில் விளிம்புகள் மென்மையாவதற்குக் காரணங்கள் பல. அவை ஒன்றுக்கொன்று வேறானவை. உருண்ட பரப்பு ஒளியிலிருந்து மெல்லத் திரும்பும் இடத்தில் கன்னத்தின் நிழலோரம் மென்மையாகிறது. அதே கன்னத்தில் விழும் மூக்கின் நிழலோ, மூக்கை ஒட்டிக் கூர்மையாகவும் விலக விலகக் கலங்கியும் தெரிகிறது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் ஏறத்தாழ அரை பாகை அகலமுள்ள வட்டமாக வானில் தெரிவதால், நிழலின் ஓரத்தில் ஒளி பகுதி மட்டும் மறைக்கப்பட்ட புறநிழல் உருவாகிறது. அதன் அகலம், ஒளியைத் தடுக்கும் பொருளுக்கும் நிழல் விழும் பரப்புக்கும் இடையிலுள்ள தொலைவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. விளக்குக் கம்பத்தின் நிழல் அதன் அடியில் கத்தியால் வெட்டியதுபோல் இருக்க, உச்சியைத் தொட்ட ஒளி 5 மீட்டர் கடந்து தரையில் விழும் இடத்தில் நிழலின் ஓரம் 5 சென்டிமீட்டர் அளவுக்குக் கலங்கியிருப்பது இக்கணக்கின்படிதான். ஆகவே ஒரே நிழலை முழு நீளமும் ஒரே மென்மையில் தீட்டுவது, எவ்வளவு அழகாகத் தோன்றினாலும், ஒளியைப் பற்றிய தவறான செய்தி.

இன்னொரு காரணம் ஒளிர்வு நிலையைச் சார்ந்தது. ஒளிர்வு நிலை என்பது ஒரு நிறம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எவ்வளவு வெளிர்ந்தோ அடர்ந்தோ இருக்கிறது என்பதைக் குறிக்கும். கருங்கூந்தல் அடர்ந்த பச்சைப் பின்னணியோடு சேரும்போது, நிறம் வேறானாலும் ஒளிர்வு நிலை ஒன்றாக இருப்பதால் எல்லை கண்ணுக்குத் தட்டுப்படாது, இதுவே மறைவிளிம்பு. இங்கே மங்கலாக்கும் வேலையே தேவையில்லை. இரு நிறங்களையும் ஒரே ஒளிர்வுக்குக் கொண்டுவந்தால் போதும், தூரிகைத்தடம் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் விளிம்பு அடங்கிவிடும்.

பின்னணியைத் தீட்டுவதில் இந்த உண்மைக்குப் பெரும் பயன் உண்டு. பின்னணி பின்வாங்க வேண்டும் என்பதற்காக அதன்மீது கௌசியன் பிளர் என்னும் மங்கல் வடிகட்டியைச் செலுத்துவது வழக்கமாகிவிட்டது. அது பின்னணியைத் தூரிகையின் வேலையாக இல்லாமல் கேமரா லென்ஸின் வேலையாகக் காட்டுகிறது. கையின் தடமும் போய்விடுகிறது. பெரும்பாலான மென்பொருள்கள் இயல்பமைப்பில் நிறங்களைக் கலப்பது, ஒளியின் உண்மையான அளவில் அன்றி, திரைக்கென மாற்றிக் குறிக்கப்பட்ட எண்களில் என்பதால், செறிந்த சிவப்பும் செறிந்த பச்சையும் சந்திக்கும் இடத்தை மங்கலாக்கினால் நடுவில் எதிர்பார்த்ததைவிட இருண்ட பழுப்புப் பட்டை ஒன்று தோன்றிவிடும். இடைநிறத்தைத் தானே தேர்ந்து, அகன்ற தூரிகையால் ஒரே தடமாக வைப்பவருக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. தூரிகைத்தடங்கள் தெளிவாக இருக்கட்டும். அவற்றின் ஒளிர்வு வேறுபாடு மட்டும் குறுகியிருக்கட்டும். தடம் தெரியும் பின்னணி அமைதியாக இருப்பதன் இரகசியம் இதுதான்.

1942இல் வெளிவந்த டிஸ்னியின் 'பாம்பி' திரைப்படத்தை இவ்வகையில் ஓவியம் பயிலும் ஒவ்வொருவரும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு முதலில் வரையப்பட்ட காடுகளில் இலையும் கிளையும் தனித்தனியே தெளிந்திருந்ததால் மான்கள் அவற்றுள் தொலைந்துபோயின. சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த டைரஸ் வாங், சோங் அரசமரபுக் கால நிலக்காட்சி ஓவியங்களின் வழியில் தீட்டிக் காட்டிய மாதிரிகளில், மான் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் சில புல்லிதழ்களும் பட்டைகளும் தெளிவாக இருக்க, மற்றக் காடெல்லாம் மூடுபனியும் நிறமுமாகக் கரைந்தது. படம் முழுமைக்கும் அதுவே தோற்றமாயிற்று. மனிதக் கண்ணில் கூர்மையான பார்வை ஏறத்தாழ 2 பாகை அளவுள்ள நடுப்பகுதிக்கே வாய்த்திருப்பதால், அந்தக் காடுகள் குறைவாகத் தீட்டப்பட்டவையாகத் தோன்றாமல், மானைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்குத் தெரியும் காடாகவே தோன்றுகின்றன.

எனினும் 'பாம்பி'யில் மான்கள் செல் எனப்படும் தெளிந்த தாளில் தனியே வரையப்பட்டவை. அசையும் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துவைப்பது தொழில்நுட்பத்தின் கட்டாயம். அசையாத ஓவியத்துக்கு அக்கட்டாயம் இல்லை. இருந்தும் உருவத்தை லேயர் எனப்படும் ஒரு படலத்திலும் பின்னணியை இன்னொன்றிலும் கடைசிவரை பூட்டிவைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது; உருவத்தைச் சுற்றி வெட்டி ஒட்டியதுபோன்ற ஒரே தன்மையான ஓரம் ஓடுவதற்கு அப்பழக்கமே காரணமாகிறது. திருத்தம் எளிது என்பதற்காகத் தொடக்கத்தில் லேயர்களைப் பிரித்திருப்பது நியாயமே. ஓவியம் பாதி கடந்ததும் கோப்பின் நகலொன்றைச் சேமித்துவிட்டு, இரு லேயர்களையும் ஒன்றாக்கி, பின்னணியின் நிறத்தைத் தோளின் நிழற்பக்கத்துக்குள்ளும், தோளின் நிறத்தைப் பின்னணிக்குள்ளும் ஒரே வீச்சில் இழுத்துவிட வேண்டும். ஒளி விழும் பக்கத்தில் காலரின் ஓரத்தையோ காதின் மடலையோ கடினத் தூரிகையால் மீண்டும் வெட்டியெடுக்க வேண்டும். இதைச் செய்யும்போது படத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, முகத்தைப் பார்ப்பதற்கு முன் கண் வேறெங்காவது போகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. அப்படிப் போகும் இடத்தில் அநேகமாகத் தேவையற்ற ஒரு வன்விளிம்பு நின்றுகொண்டிருக்கும்.