தெருவுக்குப் பூப்பெயர் போதுமா?

சாதிப் பெயர் தாங்கிய தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் வேறு பெயர் சூட்ட 2025 அக்டோபரில் தமிழக அரசு அரசாணை பிறப்பித்தது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. முகவரி எழுதும்போது எந்தப் பிள்ளைக்கும் கை கூசக் கூடாது. எரிச்சல் மூட்டுவது, மாதிரியாகச் சொல்லப்பட்ட பெயர்கள்தான். ரோஜா, மல்லி என்று பூக்கள். ஊருக்கு ஊர் ஏற்கெனவே தெருவும் சிலையும் பேருந்து நிலையமும் பெற்றுவிட்ட தலைவர்கள். தலைமுறைக்கு ஒருமுறை வாய்க்கும் வாய்ப்பைப் பூக்கூடையில் கொட்டிவிடப் பார்க்கிறோம்.

நுங்கம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தப் பெயரைச் சொல்லாத செய்தி கிடையாது. நுங்கம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர், மீனம்பாக்கத்தில் இத்தனை மில்லிமீட்டர். கல்லூரிச் சாலையில் அந்த மழையை அளக்கும் வளாகம், 1792இல் எழுந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் மண். தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே இருக்கிறது. ஆசியாவில் கணித அறிவியலை நட்டது ஆங்கிலேயரின் பெருந்தன்மை என்பதை ஆயிரம் ஆண்டு கழித்து வருவோரும் அறியட்டும் என்று அதில் பொறித்து வைத்தார்கள். தமிழிலும் தெலுங்கிலும்கூடப் பொறித்தார்கள். தங்கள் பெயர் நிலைக்க என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே வளாகத்தில் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இரவெல்லாம் கண்விழித்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சனின் முதல் உதவியாளர். 1867இல் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைகிறது என்று கண்டறிந்தார். சென்னையிலிருந்து பார்த்தால் அந்த மீன் உச்சிக்கு வரும்போதும் தென் அடிவானத்துக்கு மேல் 14 பாகைதான் ஏறும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றும் புழுக்கமும் படிந்த தாழ்வானத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியின் ஒளி முன்பு குறித்ததோடு பொருந்தவில்லை என்று பிடிப்பதற்கு எப்பேர்ப்பட்ட பொறுமை வேண்டும்! குறிப்பேட்டில் பிழை என்று தள்ளிவிட்டுப் போவதுதான் எளிது. அவர் தள்ளவில்லை.

மறு ஆண்டு, 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். போக்சன் மசூலிப்பட்டினத்தில் நின்றார்; ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலிருந்து பார்த்தார். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1874 டிசம்பரில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, அது என்ன என்று சாமானியருக்கு விளக்க உரையாடல் வடிவில் நூல் எழுதினார். அது இந்திய மொழிகளிலும் வந்தது. வாக்கியமா, திருக்கணிதமா என்று இன்றும் நம் வீடுகளில் திதிக்குத் திதி வாக்குவாதம் நடக்கிறதே, பஞ்சாங்கக் கணக்கு கண்ணால் காணும் வானத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று அன்றே திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டவரும் அவரே. 1880இல் மறைந்தார். நுங்கம்பாக்கத்தில் அவர் பெயரில் ஒரு குறுந்தெருவையாவது எனக்குக் காட்டியவர் இல்லை.

அதே நுங்கம்பாக்கத்தில் காம்தார் நகர் சாலைக்கு எஸ்.பி. பாலசுப்ரமணியம் பெயர் வந்தது. நல்லது. அவர் குரல் ஓயும் நாள் வராது. ஆனால் பாட்டுக்காரருக்குக் கிடைக்கும் தெரு வானம் பார்த்தவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

லண்டனைப் பாருங்கள். இன்னார் இந்த வீட்டில் வாழ்ந்தார் என்று வட்டப் பலகை பதிக்கும் யோசனை அங்கே 1866இல் செயலுக்கு வந்தது. மறு ஆண்டு முதல் பலகை கவிஞர் பைரனுக்கு. ரகுநாதாச்சாரி தன் விண்மீனைக் கண்ட அதே 1867! இன்று அந்த நீலப் பலகைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. இறந்து 20 ஆண்டு ஆகாதவருக்குப் பலகை கிடையாது என்பது விதி. இந்த ஒரு விதி நம்மிடம் இருந்தால் பாதி அரசியல் தெருக்கள் பிறந்தே இருக்காது. ஒரு பெயர், பிறப்பு, இறப்பு, செய்த வேலை. அவ்வளவுதான் பலகையில் இருக்கும். பேருந்துக்குக் காத்து நிற்பவர் நிமிர்ந்து பார்த்துப் படித்துவிட்டுப் போகிறார். ஆயிரம் பலகை என்பது ஆயிரம் பாடம். நம் பிள்ளைகள் அறிவியலை வெள்ளைக்காரன் சொத்து என்று எண்ணுவதற்கு நம் தெருக்களின் ஊமைத்தனமே முதல் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

“ஆதார், ரேஷன் கார்டு எல்லாம் மாற்ற வேண்டுமே” என்பார்கள். பூப்பெயர் வைத்தாலும் மாற்றத்தானே வேண்டும்? “இந்த அறிவியலாளர்களை யாருக்குத் தெரியும்” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க மாட்டேன். தெரியாது என்பதால்தானே பலகை கேட்கிறோம்.

ஒரே கேள்விதான் எடைபோடத் தக்கது. சாதியை அழிக்கப் புறப்பட்டுவிட்டுச் ‘சாரி’ என்ற வாலோடு பலகை வைக்கலாமா? கோவை மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர் வந்தபோதும் இதே சச்சரவுதான். வாலை வெட்டியும் பார்த்திருக்கிறோம். தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலை ஜி.என். சாலை ஆனது. யார் அந்த ஜி.என். என்று அங்கே துணி வாங்க வருகிறவரைக் கேளுங்கள். கோபதி நாராயணசாமி என்று முழுப் பெயரையும், அவர் என்ன செய்தார் என்று இரண்டு வரியையும் எழுதியிருந்தால் வாலும் போயிருக்கும், ஆளும் நின்றிருப்பார். அப்படியே இவருக்கும் ‘சிந்தாமணி ரகுநாதர்’ போதும்.

இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். கர்ப்பிணிகளுக்கு நம் செவிலியர் தரும் ஃபோலிக் அமிலமும், யானைக்கால் நோய்க்கு வீடு தேடி வந்து கொடுக்கும் மாத்திரையும் அமெரிக்காவில் அவர் வழிநடத்திய ஆய்வுகளின் கொடை. கோவையில் கரும்பின் மரபணுக்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள் 1984இல் சென்னையில்தான் கண்மூடினார்.

மாநகராட்சியிடம் கேட்பது பெரிய செலவில்லை. அந்தக் கருங்கல் தூண் நிற்கும் வளாகத்தை ஒட்டி ஒரு தெருவும், அதன் முனையில் ஒரு பலகையும். அதில் எழுத வேண்டியதையும் நானே தருகிறேன்: ‘சிந்தாமணி ரகுநாதர் தெரு. வானியலாளர். மறைவு 1880. இங்கிருந்து பார்த்து, 1867இல் ஒரு விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார்.’