கட்டிலுக்குப் பக்கத்தில் தூளி கட்ட இடம் உண்டா?

குழுக் கடன் வாங்க வந்த அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அன்றைக்குப் போட முடியவில்லை. கை நடுங்கியது. இடுப்பில் ஒன்றரை வயசுப் பிள்ளை, வயிற்றில் இன்னொன்று. வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருந்த நான் மை டப்பாவை நகர்த்தி வைத்தேன். கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்.

பெரிய முதலியார்சாவடியில் எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அதற்கு முன்பு மரக்காணம் உப்பளத்தில் உப்புச் சுமந்தவர். சாயங்காலம் கேட்டேன். "உடம்பு வலிக்குப் பழகினது தம்பி. விட்டுடலாம்னு வைத்தியத்துக்குப் போனேன். புள்ளைய எங்கயாச்சும் விட்டுட்டு வான்னாங்க. எங்க விடறது? அவங்கப்பனும்தான் குடிக்கிறான். திரும்பி வந்துட்டேன்."

தோழர்களே, நம் மேடைகளும் இதில் யோக்கியமில்லை. குடி என்றால் குடிக்கிற புருஷன், அழுகிற பெண்டாட்டி. குடிக்கிற தாயைப் பற்றி வாயே திறப்பதில்லை. சேரியைப் பற்றி ஊர் சொல்லும் வசவுக்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது அக்கா.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துச் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், நம் மக்கள் நிறைந்த பகுதியில், அதே சாவு. அறுபதுக்கும் மேற்பட்டோர். இரண்டு இடத்திலும் பெண்களும் செத்தார்கள். கருணாபுரத்தில் அப்பா அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. கொடுக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாய் செத்த பிறகு பிள்ளையை நினைக்கிற அரசு, அவள் உயிரோடு வைத்தியம் கேட்டு வரும்போது பிள்ளையை ஏன் வாசலோடு நிறுத்துகிறது?

பலபேர் சொல்வது போல "நாளையிலிருந்து தொடாதே" என்பது வைத்தியமில்லை. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்; உயிரே போகலாம். வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து. குடித்துக்கொண்டே இருந்தால் அந்தப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே கெடும். ஆகவே மருத்துவமனையில் படுக்க வைத்துத்தான் நிறுத்த வேண்டும். படுக்க வேண்டுமென்றால் பிள்ளையும் கூட இருக்க வேண்டும். கர்ப்பகாலப் போதைச் சிகிச்சை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே வழிகாட்டி வெளியிட்டுவிட்டது.

மிரட்டினால் திருந்துவாள் என்கிறவர்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்துப் பொது மருத்துவமனையில் 1989 முதல், கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்கள் சம்மதமில்லாமல் கொக்கேய்னுக்குச் சோதித்துப் போலீசிடம் கொடுத்தார்கள். கைதான 30 பேரில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். சம்மதமில்லாத அந்தச் சோதனை செல்லாது என்று 2001-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. சட்டம் எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்பது நமக்குத் தெரியாததா?

வேறு வழியும் இருக்கிறது. கனடாவின் வான்கூவரில் 1993-இல் ஷீவே என்ற இடத்தைத் தொடங்கினார்கள். போதையிலிருக்கும் கர்ப்பிணி வந்தால் சோறு, டாக்டர், நர்ஸ், பிள்ளைக்குப் பால் எல்லாம் ஒரே கூரைக்குள். வருகிறவர்களில் நிறையப்பேர் பூர்வகுடிப் பெண்கள்.

1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், பேறுகால ஓய்வு தாயின் சொந்த விஷயமல்ல, நாட்டின் நலன், அரசும் அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். ஒழுக்கமான தாய்க்கு மட்டும் என்று அவர் கோடு கிழிக்கவில்லை.

2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் திறந்தது. நல்லது. நாம் கேட்க வேண்டியது இதுதான்: பெண்களுக்குத் தனி வார்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் தூளி. பிரசவ டாக்டரும் போதை டாக்டரும் ஒரே இடத்தில். புருஷனுக்கும் அதே சமயத்தில் சிகிச்சை. இழந்த கூலிக்கு ஈடு. போலீசுக்கு அங்கே வேலையில்லை.

எல்லையைத் தாண்டினால் புதுச்சேரிச் சாராயக்கடை, இந்தப் பக்கம் டாஸ்மாக். அங்கே யாரும் அக்காவிடம் பிள்ளையை விட்டுட்டு வா என்று சொல்வதில்லை.