கட்டம் இருக்கிறது, ஆட்டம் எங்கே?

கவாபாட்டாவின் ‘மெய்ஜின்’ நாவலைப் படித்துவிட்டு மரபின் மறைவுக்காகப் பெருமூச்சு விடுவது நம் எழுத்தாளர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. கூடவே ஒரு வாக்கியம்: ‘நமக்கும் இப்படிப் பரம்பரைகள் இருந்தன.’ இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை. வங்கிக் குமாஸ்தா நான். வவுச்சர் இல்லாத வரவை ஒப்புக்கொள்ளப் பழகாதவன்.

அந்த நாவலின் கிழவர் ஷூசாய், 1938இல் கிட்டானியிடம் தோற்றவர், ஹொனின்போ பரம்பரையின் கடைசித் தலைவர். கோ என்பது 361 சந்திகளில் கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து இடம்பிடிக்கும் ஆட்டம். அதற்கு ஜப்பானில் நான்கு வீடுகள்: ஹொனின்போ, இனோவே, யசூயி, ஹயாஷி. டோக்குகாவா ஆட்சி 1612இல் தந்த மானியத்தில் வேர்விட்டவை. வீடு என்றதும் ரத்த உறவை நினைக்க வேண்டாம். கெட்டிக்காரச் சீடனைத் தத்தெடுத்து வாரிசாக்குவார்கள். ஒரு சிறு தீவில் பிறந்த ஷூசாகு (1829-1862) அப்படி வாரிசானவன். எடோ கோட்டையில் ஆடிய 19 ஆட்டங்களிலும் அவன் தோற்கவில்லை. அவற்றை இன்றும் கல் கல்லாக வைத்துப் பார்க்கலாம், எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வீடுகள் புனிதமானவை என்று நான் சொல்லவில்லை. பதவிக்காகச் சூழ்ச்சிகள் நடந்தன. 1868இல் ஷோகுன் ஆட்சியோடு மானியமும் போயிற்று. 1924இல் நிஹோன் கியின் சங்கம் எழுந்தது. ஷூசாய் தன் பட்டத்தையே போட்டிக்கு விட்டுக்கொடுத்தார். வீடு போயிற்று, ஆட்டம் பிழைத்தது.

நம் கதைக்கு வருவோம். 3 புலி, 15 ஆடு வைத்து ஆடும் ஆடுபுலியாட்டத்தின் கட்டம் கோயில் மண்டபத் தளங்களில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஆடியவர்களின் ஓர் ஆட்டமாவது எழுத்தில் இருக்கிறதா? பசுமலையைச் சுற்றி நான் விசாரித்தவரை இல்லை. சதுரங்கத்துக்குப் பூவனூரில் சிவனே வல்லபநாதர். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட் சமயத்தில் இதைச் சொல்லிப் புளகித்தோம். ஆனால் ஆனந்தை உருவாக்கியது ஸ்தலபுராணமா? 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், 1972இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தொடங்கிய தால் செஸ் கிளப், ஆடியதைக் குறித்துவைத்து அலசும் பழக்கம் — இவைதான். கிளப்புக்கு ஒரு லாட்வியாக்காரரின் பெயர். 1988இல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர். 2024இல் குகேஷ் உலக சாம்பியன். நமக்கு வாய்த்த வீடு இந்த வயதுடையதுதான். இதில் என்ன வெட்கம்?

குருவைத் தோற்கடிப்பதே குருவுக்குச் செய்யும் கைம்மாறு என்பது அங்கே வழங்கும் பேச்சு. நாமோ கட்டை விரலைக் கேட்ட குருவின் கதை கேட்டு வளர்ந்தவர்கள். இலக்கியத்திலும் அப்படியே. ஆசான் ஒரு கவிதையை எப்படி வாசித்தார், எங்கே சறுக்கினார் என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சோடு கரைந்துவிடுகிறது. அச்சேறுவது மணிவிழா மலர்ப் புகழுரை. சீடன் மறுத்து எழுதினால் துரோகி.

பரம்பரை பேசுகிறவர்கள் முதலில் அந்த வாசிப்புகளை எழுதிவைக்கட்டும், தோற்ற ஆட்டங்கள் உட்பட. அவற்றைப் பிரித்துப் பார்த்து மறுக்க ஒரு சீடன் வருவானானால், அன்று வீடு என்ற சொல்லை நானும் உபயோகிப்பேன்.