தாயிடம் கேட்கப்படாத கேள்வி

பிரசவித்த பெண் ஓயாமல் அழுதால், ‘பச்சை உடம்புக்காரி, போகப்போகச் சரியாகிவிடும்’ என்று கடந்துவிடுகிறோம். 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான தொகுப்பாய்வோ, இந்தியத் தாய்மார்கள் 20,043 பேர் குறித்த 38 ஆய்வுகளை ஆராய்ந்து, அவர்களில் 22 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருப்பதாகக் கணித்தது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால் என் கவனம் காரணங்களின் பக்கமே செல்கிறது. வேலூர்ப் பகுதிக் கிராமங்களில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வு, குறைந்த வருமானம், ஆண் மகவை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறத்தல், மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, ஒத்தாசைக்கு ஆளின்மை ஆகியவற்றைச் சுட்டியது. ஹார்மோன்மீது மட்டும் பழிபோடுவோர் இதைக் கவனிக்கலாம்.

மனநல மருத்துவர்களுக்கு எங்கே போவது என்பர். பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், கர்ப்பகாலத்திலேயே மனச்சோர்வுற்றிருந்த பெண்களின் வீடுகளுக்குச் சிறப்புப் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே சென்று பேசினர். பிரசவமாகி ஆறு மாதங்களில் 23 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு இருந்தது. அப்பயிற்சி பெறாதோர் சென்ற பகுதிகளில் அது 53 சதவீதம். 2008-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட முடிவு இது.

எடின்பரோ அளவுகோலில் இருப்பவை பத்தே கேள்விகள். சில நிமிடங்கள் போதும். பேரனுக்குத் தடுப்பூசி போட மகளுடன் சென்றிருந்தேன். அவன் எடையைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்கள். ‘நீ உறங்குகிறாயா அம்மா?’ என்று அவளை எவரும் கேட்கவில்லை.